கையை விட்டாலும் கேமரா நகரக் கூடாது: கடலடி கேமராவின் மிதப்பைச் சரிசெய்யும் முறை

கடலுக்கடியில் படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் எந்த லென்ஸ், எந்த ஸ்ட்ரோப் (கடலடி ஃபிளாஷ் விளக்கு) என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று. தண்ணீருக்குள் கேமராவைக் கையிலிருந்து விட்டால் அது என்ன செய்கிறது? கீழே இறங்குகிறதா, மேலே ஏறுகிறதா, மூக்கை, அதாவது லென்ஸ் இருக்கும் முன்முனையை, தூக்கிக்கொண்டு மல்லாந்து விடுகிறதா? இதைப் பார்த்து வைக்காமல் இறங்கினால் டைவ் முழுக்க மணிக்கட்டு கேமராவோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும். வலி ஒரு பக்கம் இருக்க, படமும் ஆடிப்போகும். வீடியோ என்றால் கேட்கவே வேண்டாம்.

வலியைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தண்ணீருக்குள் ஒரு கிலோ கனக்கும் கேமராவை முன்னால் நீட்டிப் பிடிக்கும்போது உடம்பின் முன்பக்கம் கீழே இழுக்கப்படும். அதை ஈடுகட்ட பி.சி.டி.யில் (மிதப்பைக் கட்டுப்படுத்த டைவர் அணியும் காற்று ஜாக்கெட்) காற்றைக் கூட்டுவார்கள். களைத்துப்போனால் கை தானாக ஊன்ற இடம் தேடும், அங்கே இருப்பது பவளம். நூற்றாண்டுக் கணக்கில் வளர்ந்த பவளப் பாறை ஒரு முழங்கை பட்டு உடைவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் அருமை தெரியும். அதோடு, மேலேறும் வழியில் 5 மீட்டரில் சில நிமிடம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தின்போது அந்தக் கேமராவைத் துணை டைவரிடம் கொடுத்துவிட்டால், கொடுத்தவர் அந்த நொடியிலேயே ஒரு கிலோ லேசாகி மேலே ஏற ஆரம்பித்துவிடுவார். வாங்கியவர் கீழே இறங்குவார். இரண்டுமே ஆபத்து.

ஒரு நிபந்தனை. உங்கள் சொந்த மிதப்பு முதலில் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். கேமரா இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு, மணல் தரைக்கு ஒரு முழம் மேலே ஒரு நிமிடம் அசையாமல் நிற்க முடியாதவர்கள் இன்னும் சில டைவ் கேமரா இல்லாமலே போவது நல்லது. அதற்கப்புறம் இந்தக் கட்டுரைக்குத் திரும்பி வாருங்கள்.

கணக்கு ஒன்றல்ல, இரண்டு

புதியவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணைத்தான் துரத்துகிறார்கள். தண்ணீருக்குள் கேமராவின் எடை எவ்வளவு, அதை எப்படிப் பூஜ்யம் ஆக்குவது என்பதுதான் அது. எடை பூஜ்யமாக இருந்தும் கையில் நிற்காத செட்டுகள் நிறைய உண்டு. மொத்த எடை ஒரு கணக்கு. எந்தப் பக்கம் கனக்கிறது, எந்தப் பக்கம் மிதக்கிறது என்ற சமநிலை இன்னொரு கணக்கு. கையை நோகடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். ஆனால் முதல் கணக்கை முடிக்காமல் இரண்டாவதைத் தொட்டால் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும். அதனால் முதலில் எடை, பிறகு சமநிலை.

பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடீஸ் விதிதான் இங்கே எல்லாம். ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் எடை அளவுக்கு மேல்நோக்கிய உந்துதல் கிடைக்கும். இதிலிருந்து நமக்கு உதவும் ஒரு விஷயம் கிடைக்கிறது. ஹவுசிங், அதாவது கேமராவை வைத்து மூடும் நீர்புகாப் பெட்டி, வெளியே எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதுதான் உந்துதலைத் தீர்மானிக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பது தண்ணீருக்குத் தெரியாது, அதன் எடை மட்டும்தான் தெரியும். ஆக, உள்ளே கேமராவுக்குப் பதிலாக அதே எடையுள்ள அரிசிப் பொட்டலத்தை வைத்தாலும் அளவு அதேதான் வரும். விலையுயர்ந்த கேமராவைப் பணயம் வைக்காமல் பாதி வேலையை வீட்டிலேயே முடித்துவிடலாம்.

வீட்டு டிரம்மில் அளப்பது

தேவையானவை கொஞ்சம்தான். வாய் அகலமான 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் அல்லது சிமெண்ட் தொட்டி, பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் டிஜிட்டல் லக்கேஜ் தராசு, மெல்லிய நைலான் கயிறு, தூண்டில் கடையில் கிடைக்கும் ஈயக்குண்டுகள், ஒரு நோட்டு.

கேமரா, லென்ஸ், பேட்டரி, கார்டு எல்லாவற்றையும் சேர்த்துச் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அதே எடைக்கு அரிசியையோ மணலையோ ஜிப் பையில் கட்டித் துணியில் சுற்றி, கேமரா உட்காரும் இடத்தில் ஆடாமல் வையுங்கள். லென்ஸ் பெரிதென்றால் அதன் எடைக்குத் தனியாக ஒரு பொட்டலம் கட்டிப் போர்ட்டுக்குள் (லென்ஸை மூடும் ஹவுசிங்கின் முன்பகுதி) வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு சமநிலை பார்க்கும்போது கணக்கு தப்பும். கூடவே ஒரு டிஷ்யூ பேப்பரையும் போட்டுவிடுங்கள். நீர் கசிந்தால் அது காட்டிக்கொடுக்கும், ஹவுசிங் சோதனையும் இதோடு முடிந்துவிடும்.

இனி ஸ்ட்ரோப், அதைத் தாங்கும் ஆர்ம், ஆர்ம்களை இணைக்கும் கிளாம்ப் எல்லாவற்றையும் மாட்டி, முழு செட்டையும் காற்றில் நிறுத்துப் பாருங்கள். பிறகு கயிற்றில் கட்டி, மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்குங்கள். ஆர்ம்களை மேல்நோக்கி மடக்கினால் டிரம்முக்குள் அடங்கும். அப்படியும் அடங்காவிட்டால் ஸ்ட்ரோபையும் ஆர்மையும் தனியாக அளந்து கூட்டிக்கொள்ளலாம். உள்ளே இறக்கியதும் நன்றாக உலுக்குங்கள். டோம் ஷேடின் (அரைக்கோள வடிவ டோம் போர்ட்டைச் சுற்றிய மறைப்பு) அடியில், கிளாம்ப் ஸ்பிரிங் இடுக்கில், கைப்பிடிகளைத் தாங்கும் டிரேயின் அடிப்பக்கத்தில் காற்றுக்குமிழ்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை விரலால் தடவி விடுவிக்காவிட்டால் அளவு பொய் சொல்லும். எல்லாம் அடங்கிய பிறகு தராசைப் படியுங்கள். கேமரா முழுக்க மூழ்கியிருக்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது.

செட் மிதந்தால் என்ன செய்வது? ஈயத்தைக் கட்டி மூழ்கடித்து, அந்த ஈயத்தின் எடையைக் கழிக்க வேண்டும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈயமும் தண்ணீருக்குள் கொஞ்சம் லேசாகும். காற்றில் 1 கிலோ ஈயம் தண்ணீருக்குள் ஏறக்குறைய 910 கிராம்தான். இரும்பு என்றால் 870 கிராம் அளவுக்கு வந்துவிடும். ஆகவே ஈயத்தைத் தனியாகத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு அளந்த எண்ணையே கழியுங்கள்.

அடுத்தது கடல்நீர்க் கணக்கு. வீட்டுத் தண்ணீரைவிடக் கடல்நீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 25 கிராம் கனம். உங்கள் செட் எத்தனை லிட்டர் நீரை விலக்குகிறதோ அத்தனை இருபத்தைந்து கிராம் அது கடலில் லேசாக இருக்கும். எத்தனை லிட்டர் என்று கண்டுபிடிப்பது எளிது. காற்றில் உள்ள எடையிலிருந்து டிரம்முக்குள் வந்த எடையைக் கழித்தால் கிடைக்கும் கிலோதான் லிட்டர்.

சின்ன உயிர்களை நெருங்கி எடுக்கும் ஒரு மேக்ரோ செட் காற்றில் 5.6 கிலோ, டிரம்மில் 1.15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். விலக்கிய நீர் 4.45 லிட்டர். கடலில் 110 கிராம் குறையும். ஆகக் கடலில் அதன் எடை 1.04 கிலோ. இந்த எண்ணைத்தான் நோட்டில் பெரிதாக எழுதிக்கொள்ள வேண்டும்.

மழைக்காலத்தில் ஆற்றுநீர் கலந்து வங்கக் கடலின் கரையோரம் உப்பு குறையும், செங்கடலில் உப்பு மிக அதிகம், அப்போதெல்லாம் கணக்கு மாறாதா என்று கேட்கலாம். மாறும். செங்கடலில் லிட்டருக்கு 30 கிராம் வரை வரும். ஆனால் நாலரை லிட்டர் செட்டுக்கு வித்தியாசம் 20 கிராம்தான். ஒரு சின்ன ஈயக்குண்டில் முடியும் விஷயம். அதற்காக இப்போது மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

எவ்வளவு எடை மிச்சம் இருக்க வேண்டும்?

பூஜ்யம்தான் எல்லோருக்கும் சரி என்பதில்லை. மணலில் வாழும் இறால், நுடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) போன்றவற்றை மேக்ரோவில் எடுப்பவருக்கு 200 முதல் 300 கிராம் வரை கனம் இருப்பது உதவி. அலை மெல்ல அசைக்கும்போதும் கேமரா கொஞ்சம் நிலையாக இருக்கும், மணலில் ஒரு முனையை மெதுவாக வைத்தால் நிற்கும். வைட் ஆங்கிளில் மீன் கூட்டத்தையும் ஆமையையும் துரத்தாமல் காத்திருந்து எடுப்பவருக்கு 100 கிராம் அளவு கனம் போதும். வீடியோவுக்குப் பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். எடை எந்தப் பக்கம் இழுத்தாலும் அது திரையில் தெரியும்.

மிதக்கும் பக்கம் போக வேண்டாம் என்பது என் திடமான கருத்து. கை நழுவினால் கீழே மணலில் கிடக்கும் கேமராவை எடுத்துக்கொள்ளலாம். மேலே ஏறிப்போன கேமராவைத் துரத்திக்கொண்டு வேகமாக மேலேறுகிறவர் தன் நுரையீரலையே பணயம் வைக்கிறார். மேல்மட்டத்தில் ஸ்நார்கெல் செய்துகொண்டு கோப்ரோவில் எடுப்பவர்களுக்கு மட்டும் மிதக்கும் கைப்பிடி பொருத்தம். அவர்களுக்கு ஆழத்தில் விழுந்தால்தான் இழப்பு.

மிதவை எதில் வாங்குவது, எதைத் தவிர்ப்பது

நம் ஊரில் முதலில் கைக்கு வருவது தெர்மாகோல். அதைத் தொடவே வேண்டாம். அழுத்தத்தில் நசுங்கும், உடையும், உருண்டை உருண்டையாக உதிர்ந்து கடலில் கலக்கும். மீன் அதைத் தின்னும். நீச்சல் குளத்தில் குழந்தைகள் பிடித்துக்கொள்ளும் நுரைக்குழலும் ஏறக்குறைய இதே கதைதான். 10 மீட்டரில் அழுத்தம் மேல்மட்டத்தைப் போல இரண்டு மடங்கு. மென்மையான ஃபோமுக்குள் இருக்கும் காற்று பாதிக்கு நெருக்கமாகச் சுருங்கிவிடும். மேலே சரியாக நின்ற கேமரா 18 மீட்டரில் கல்லாய்க் கனக்கும். வலைக் கடைகளில் விற்கும் மெத்தென்ற மிதவைகளும் மேல்மட்ட வலைக்கானவை. ஆழத்துக்கு அவை சரிவராது.

ஆழத்தில் சுருங்காதவை இரண்டு வகை. ஒன்று, அழுத்தமான கெட்டி ஃபோமில் செய்த மிதவைகள். ஆர்மின் மேல் மணிபோலக் கோத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைக்கலாம். புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். இன்னொன்று, உள்ளே காற்று அடைத்து மூடிய கார்பன் ஃபைபர் அல்லது அலுமினிய ஆர்ம்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும், நீரில் இழுவையும் குறைவு, ஆனால் விலை அதிகம். அளவு பொருந்தாவிட்டால் மாற்றவும் வழியில்லை. எதை வாங்கினாலும் அதன்மேல் குறித்திருக்கும் ஆழ வரம்பைப் படியுங்கள். ஓபன் வாட்டர் என்னும் அடிப்படை டைவிங் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான் எல்லை என்பதால் இது பெரும்பாலோருக்குப் பிரச்சினையாக இருக்காது. ஆனால் மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கடிக்கப்பட்ட எச்.எம்.எஸ். ஹெர்ம்ஸ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதுபோன்ற ஆழத்துக்குப் பயிற்சி பெற்றுப் போகிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்காமல் ஒரு மிதவையும் மாட்டக் கூடாது. காற்றடைத்த குழாய் ஆழத்தில் உள்நோக்கி வெடித்தால் அதிர்ச்சி ஒரு பக்கம், செட்டின் எடை சட்டென்று ஏறிவிடுவது மறுபக்கம்.

பி.வி.சி. குழாயில் தானே செய்துகொள்கிறவர்களும் உண்டு. 63 மி.மீ. வெளிவிட்டமுள்ள குழாயில் 20 செ.மீ. துண்டு வெட்டினால் அது 620 மில்லி தண்ணீரை விலக்கும். குழாயின் எடையையும் இரண்டு மூடிகளின் எடையையும் கழித்தால் மிச்சம் இருப்பது மிதப்பு. அதை டிரம்மில் அளந்தே தெரிந்துகொள்ள வேண்டும். செலவு குறைவுதான். ஆனால் குழாயில் அச்சடித்திருக்கும் அழுத்த எண், உள்ளே ஓடும் தண்ணீரின் அழுத்தத்துக்கானது. வெளியிலிருந்து அமுக்கும் அழுத்தத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. 20 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூடியையும் கடல் 60 கிலோவுக்கு மேல் அமுக்கும். ஆகவே கனமான சுவருள்ள குழாயையே எடுங்கள், சால்வென்ட் சிமெண்டைத் தடவி இரண்டு நாள் காயவிடுங்கள். பிறகு கேமராவில் மாட்டுவதற்கு முன் ஒரு வலைப்பையில் ஈயத்தோடு போட்டுக் கயிற்றில் கட்டி, நீங்கள் போகப்போகும் ஆழத்தைவிட 10 மீட்டர் அதிகமாகப் படகிலிருந்து இறக்கி எடுங்கள். மேலே வந்ததும் துடைத்து எடை பாருங்கள். ஒரு கிராம் கூடியிருந்தாலும் உள்ளே நீர் போயிருக்கிறது என்று அர்த்தம், அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இப்போது மேலே எழுதிய 1.04 கிலோ செட்டுக்குத் திரும்புவோம். 200 கிராம் கனம் வேண்டும் என்றால் 840 கிராம் மிதப்பு தேவை. உடனே 840 கிராமுக்கு மிதவை ஆர்ம் வாங்கிவிடாதீர்கள். இப்போது மாட்டியிருக்கும் அலுமினிய ஆர்ம்களே ஒவ்வொன்றும் தண்ணீருக்குள் 60 கிராம் கனக்கிறது என்றால், நான்கையும் கழற்றியதுமே 240 கிராம் குறைந்துவிடும். மிச்சம் 600. நான்கு மிதவை ஆர்ம், ஒவ்வொன்றும் 150 கிராம் மிதப்பு. கணக்கு முடிந்தது. பழைய ஆர்மின் எடையைக் கழிக்க மறப்பதால்தான் பலரின் செட் கடைசியில் மிதந்துவிடுகிறது. ஆர்மை மாற்றாமல் அதன் மேலேயே ஃபோம் கோக்கிறவர்களுக்கு இந்தக் கழித்தல் கிடையாது, அவர்களுக்கு முழு 840-ம் வேண்டும்.

மூக்கு தூக்கினால், மூக்கு கவிழ்ந்தால்

டோம் போர்ட் போட்டவர்களுக்குத்தான் இந்தப் பகுதி மிகவும் தேவைப்படும். 8 அங்குல டோம் முழு அரைக்கோளமாக இருந்தால் அதற்குள் ஏறக்குறைய இரண்டு லிட்டர் காற்று. அதாவது கேமராவின் முன்முனையில் இரண்டு கிலோ மேலிழுப்பு. டோமின் சொந்த எடையும் லென்ஸின் எடையும் அதில் ஒரு பகுதியைத்தான் தின்னும். அக்ரிலிக் டோம் லேசானது என்பதால் மூக்கு இன்னும் அதிகமாகத் தூக்கும். கண்ணாடி டோம் கரையில் தூக்கக் கஷ்டம், தண்ணீருக்குள் அந்தக் கனமே நமக்கு உதவும். 4 அங்குல டோமில் இருக்கும் காற்று கால் லிட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். விட்டம் பாதியானால் கொள்ளளவு எட்டில் ஒரு பங்காகிவிடும். பயணத்துக்குச் சின்ன டோமைப் பலர் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேக்ரோவில் நேர் எதிர். நீளமான ஃபிளாட் போர்ட், உள்ளே கனமான 100 மி.மீ. லென்ஸ், முன்னால் ஒரு வெட் லென்ஸ் (தண்ணீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றும் லென்ஸ்). மூக்கு கவிழும்.

எவ்வளவு தூக்குகிறது என்று அளக்க ஒரு எளிய வழி. அரிசிப் பொட்டலம் வைத்த செட்டையே டிரம்மில் இறக்கி, இரண்டு கைப்பிடிகளையும் விரல்களில் லேசாகத் தாங்கிப் பிடியுங்கள். மூக்கு மேலே போனால், போர்ட்டின் முன்விளிம்பில் ஒரு நூலைக் கட்டி, அதில் சின்ன ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். லென்ஸ் நேராக நிற்கும்போது நிறுத்துங்கள். நூலில் இருக்கும் ஈயம்தான் அந்த இடத்தில் தேவைப்படும் எடை. அதே வேலையைக் கைப்பிடிக்குப் பாதி தூரத்தில் செய்ய வேண்டுமென்றால் இரண்டு மடங்கு ஈயம் வேண்டும். அதனால் எடையை எவ்வளவு முன்னால் வைக்க முடியுமோ அவ்வளவு முன்னால் வையுங்கள். டோம் ஷேடின் கீழ்ப்பகுதியும் போர்ட்டை நீட்டிக்கும் எக்ஸ்டென்ஷன் ரிங்கின் அடிப்பக்கமும் நல்ல இடங்கள்.

ஆனால் ஈயத்தைச் சேர்ப்பதற்கு முன் வேறொன்றைச் செய்து பார்க்க வேண்டும். ஏற்கெனவே மாட்டியிருக்கும் மிதவைகளை நகர்த்துங்கள். மூக்கு தூக்கினால் மிதவைகள் கைப்பிடிக்குப் பின்னால் போகட்டும், வால் தூக்கும், மூக்கு இறங்கும். மூக்கு கவிழ்ந்தால் மிதவைகளை முன்னால் கொண்டுவாருங்கள், அல்லது போர்ட்டைச் சுற்றி மாட்டும் மிதவை வளையத்தை வாங்குங்கள். கனமான வெட் வைட் லென்ஸ்களுக்கு இப்படிப்பட்ட வளையங்கள் தனியாகவே கிடைக்கின்றன. எடையைக் கூட்டாமல் நகர்த்தியே சரிசெய்ய முடிந்தால் அதுதான் சிறந்த வழி. ஈயம் சேர்த்தால் அதை ஈடுகட்ட இன்னொரு மிதவை, அதனால் செட் இன்னும் பருமன், நீரோட்டத்தில் இன்னும் இழுவை என்று அது ஒரு சங்கிலியாகப் போய்க்கொண்டே இருக்கும்.

ஈயம் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் டயர் கடையில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டும் எடைப்பட்டைகளைக் கேளுங்கள். 5 கிராம், 10 கிராம் துண்டுகளாக வெட்டிக்கொள்ளலாம். அவை ஈயமா இரும்பா என்று கேட்டு வாங்குங்கள், இரும்பு இரண்டே டைவில் துருப்பிடிக்கும். அதில் இருக்கும் பசையை உப்புநீரில் நம்பக் கூடாது, வெல்க்ரோ பட்டையில் சுற்றிக் கட்டுங்கள். அலுமினிய ஹவுசிங்கின் மேல் வேறு உலோகத்தை நேரடியாக வைத்தால் கடல்நீரில் அலுமினியம் அரிக்கும். இடையில் ரப்பர்த் துண்டோ தடித்த டேப்போ கட்டாயம். ஈயத்தைத் தொட்ட கையைச் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அடுத்து ஆர்ம்கள். ஒவ்வொரு ஆர்மும் ஸ்ட்ரோபும் சேர்ந்து தனக்குத்தானே மிதப்பில் சமமாக இருந்தால், நீங்கள் வைத்த இடத்தில் நிற்கும். நல்ல ஸ்ட்ரோப்கள் பல தண்ணீருக்குள் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். உலோக வீடியோ லைட்கள் அப்படியல்ல, சில நூறு கிராம் கனக்கும். அப்படிப்பட்ட லைட்டுக்கு மிதவை வெளி ஆர்மில், லைட்டுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். ஸ்ட்ரோபே பூஜ்யம் என்றால் பெரிய மிதவையை வெளி ஆர்மில் போடாதீர்கள். கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும் அது மெல்ல மேலே எழும்பிக்கொண்டே இருக்கும். உள் ஆர்மில், ஹவுசிங்குக்கு நெருக்கமாகப் போடுங்கள்.

செங்குத்துப் படங்கள் அதிகம் எடுக்கிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மிதவை எல்லாம் மேலே உயரத்திலும், கனமெல்லாம் கீழேயும் இருந்தால் செட் மிக நிலையாக இருக்கும். ஆனால் அதைப் பக்கவாட்டில் திருப்பினால் திரும்பவும் நிமிர்ந்துகொள்ளத் துடிக்கும், ஒவ்வொரு படத்துக்கும் கையால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். மிதவைகளை லென்ஸின் மட்டத்துக்கு அருகில் இறக்கினால் இந்தத் தொல்லை குறையும். வீடியோக்காரர்களுக்கு மாறாக அந்த நிமிரும் குணம்தான் வேண்டும். அவர்கள் மிதவையை மேலேயே வைத்துக்கொள்ளட்டும்.

ஒரே ஒரு ஸ்ட்ரோப் வைத்திருப்பவர்களுக்கு இடது வலது சமநிலையும் குலையும். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சின்ன ஃபோம் துண்டு, அவ்வளவுதான்.

கடலில் சரிபார்ப்பது

டிரம் கணக்கு உங்களைச் சரியான இடத்துக்கு அருகில் கொண்டுவந்து விடும், கடைசி ஐம்பது கிராமைக் கடலில்தான் தீர்க்க வேண்டும். புதுச்சேரியோ, அந்தமானின் சுவராஜ் தீவோ, திருகோணமலையோ, எங்கே என்றாலும் முதல் டைவைப் படத்துக்காக வைக்காதீர்கள். பவளம் இல்லாத மணல் தரை, 5 முதல் 8 மீட்டர் ஆழம், நீரோட்டம் இல்லாத நேரம். வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பத்து நிமிடம் தருவார்.

கேமராவோடு படகிலிருந்து குதிக்காதீர்கள். நீங்கள் இறங்கிய பிறகு மேலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கியதும் ஆர்ம்களை நீங்கள் வழக்கமாகப் படம் எடுக்கும் நிலையில் விரித்து, மார்புக்கு நேராகப் பிடித்து, உள்ளங்கைகளை ஒரு அங்குலம் மட்டும் விலக்குங்கள். மனதில் ஐந்து எண்ணுங்கள். கேமரா மெதுவாக, சாயாமல் கீழே இறங்கினால் வேலை முடிந்தது. சட்டென்று விழுந்தால் மிதவை போதாது. இறங்காமல் சுழன்றால் எடை சரி, சமநிலை சரியில்லை. எந்தப் பக்கம் சுழல்கிறது என்று சிலேட்டில் எழுதுங்கள். பி.சி.டி. பையில் மூன்று நான்கு ஈயக்குண்டுகளும் வெல்க்ரோ பட்டைகளும் வைத்திருந்தால் அங்கேயே ஒட்டிப் பார்க்கலாம். ஆர்ம்களை முன்னால் கொண்டுவந்தும், பக்கவாட்டில் விரித்தும் இதையே திரும்பச் செய்யுங்கள். ஆர்மோடு மிதவையும் நகர்வதால் சமநிலை மாறும். நீங்கள் அதிகம் பயன்படுத்தும் நிலைக்குச் சரியாக இருந்தால் போதும், எல்லா நிலைக்கும் சரியாக இருக்கும் செட் கிடையாது.

பிறகு கேமராவைத் துணை டைவரிடம் கொடுத்துவிட்டு உங்கள் உடம்பைக் கவனியுங்கள். நீங்கள் மேலே ஏறினால் கேமரா இன்னும் கனமாக இருக்கிறது, அல்லது கேமராவின் கனத்தை உங்கள் வெயிட் பெல்ட்டின் ஒரு பகுதியாக நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டாவதாக இருந்தால் பெல்ட்டில் அந்த எடையை வைத்துக்கொள்ளுங்கள். கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் மிதப்பு மாறக் கூடாது. கேமராவை உடம்போடு இணைக்கும் கயிறும் கொக்கியும் ஒரே கையால், கையுறையோடு, பார்க்காமல் கழற்றக்கூடியதாக இருக்கட்டும்.

எப்போது திரும்ப அளக்க வேண்டும்

போர்ட்டை மாற்றினால் கட்டாயம். மேக்ரோவுக்குச் சரியாக நின்ற அதே நான்கு மிதவை ஆர்மோடு 8 அங்குல டோமைப் போட்டால் செட் மேலே பறந்துவிடும். அதனால் நோட்டில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனிப்பக்கம் ஒதுக்குங்கள். எந்த ஆர்ம், எத்தனை ஃபோம், எங்கே எத்தனை கிராம் ஈயம் என்று எழுதி, செட்டை மேலிருந்தும் பக்கவாட்டிலும் ஒரு போன் படம் எடுத்து வையுங்கள். ஃபோக்கஸ் லைட், வெட் லென்ஸ், வேறு வகை ஸ்ட்ரோப் சேர்த்தாலும் அளக்க வேண்டும். வெட் லென்ஸை டைவின் நடுவே கழற்றி ஆர்மில் மாட்டிக்கொள்வீர்கள் என்றால் இரண்டு நிலையிலும் பாருங்கள். பேட்டரியை மாற்றுவதற்காகவெல்லாம் திரும்ப அளக்க வேண்டியதில்லை, அதே வகை பேட்டரி என்றால் எடை மாறாது. ஃபோம் மிதவைகளை மட்டும் வருடத்துக்கு ஒரு முறை டிரம்மில் தனியாகப் போட்டு அளந்துவிடுங்கள். வெட்டு விழுந்ததும் ஓரம் நைந்ததும் மெல்ல மெல்லத் தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிடும், கண்ணுக்கு அது தெரியாது.